டிவிக்குள்ளே ஒரு நர்ஸ்

தங்கப்பொண்ணு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, உள்ளே மாமியார் இருளாயி மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"பாவி மக... பச்சத்தண்ணி பல்லுல படாம நிக்கிறாளே!"

டிவியில் இந்தி நாடகம். போர்க்களத்துக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டு ஓர் ஆஸ்பத்திரி. அதில் ஒல்லியாக ஒரு நர்ஸ், சிப்பாய் ஒருவன் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இருளாயிக்கு இந்தியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆனாலும் வாரம் தவறாமல் பார்ப்பாள். வாரம் தவறாமல் அழுவாள்.

தங்கப்பொண்ணும் நர்ஸ்தான். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. அன்றைக்குப் பஸ் விபத்தில் அடிபட்டவர்களை வரிசையாகக் கொண்டுவந்து இறக்கியதில், மத்தியானச் சாப்பாட்டைத் திறக்கக்கூட நேரமில்லை. வீடு இருக்கும் திருப்பரங்குன்றம் வரை பஸ்ஸில் நின்றபடியே வந்திருந்தாள்.

"வந்துட்டேன், அத்தை."

"சத்தம் போடாத, ஆத்தா. அந்தப் புள்ளைக்கு என்னமோ ஆகப்போகுது."

இருளாயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தங்கப்பொண்ணு திறக்காத சாப்பாட்டு டப்பாவை நங்கென்று வைத்தாள்.

கல்யாணப் பேச்சின்போது, எழுமலை கிராமத்தில் சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் இதே அத்தை என்ன சொன்னாள்? "கண்ட ஆம்பளையையும் தொட்டு மருந்து போடுறவ எம் வீட்டுக்கு மருமகளா?" மகன் தவசி ஒற்றைக்காலில் நின்றதால்தான் தாலி ஏறியது. அதற்கப்புறம் அவள் வேலையைப் பற்றி இருளாயி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

டிவிக்காரி தொட்டால் மட்டும் புண்ணியமோ?

தவசி வந்ததும் வெடித்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்ல வீடு காலியாகுதாம். நாம தனியாப் போயிருவோம்."

"டிவியில வர்ற பொம்பள மேலயா உனக்குப் பொறாமை?" தவசி சிரித்தான்.

"ஆமா, பொறாமைதான்! எனக்காக உங்கம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருப்பாகளா?"

அவன் சிரிப்பு நின்றது. "சரி, வீட்டக் கேட்டு வையி" என்றான்.

அடுத்த வாரமே வீடு கிடைத்துவிட்டது. மாமியார் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும் என்று, பெர்மிஷன் போட்டுச் சீக்கிரமாகவே வந்தாள். அன்றும் நாடக நாள்தான். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டு வாசலிலேயே நின்றாள்.

"ச்சீ, என்ன பொழப்பு மதினி இது?" பக்கத்து வீட்டு அன்னக்கொடியின் குரல். "ஊர்பேர் தெரியாத ஆம்பளைக ஒடம்பையெல்லாம் தொட்டுக்கிட்டு!"

"வாயக் கழுவுடி!" இருளாயி சீறினாள். "தொடாம அந்தப் பய உசுர எப்படிடி காப்பாத்துறது?"

"ஆத்தாடி! புரியாத நாடகத்துக்கு இம்புட்டுக் கோவமா? அந்த நர்ஸு என்ன, நீங்க பெத்த மகளா?"

இருளாயி மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பிறகு இருளாயியின் குரல் உடைந்து வந்தது.

"அவ யாரோ எவளோ, எனக்கென்னடி தெரியும்? எம் மருமக அங்க என்ன பாடு படுறான்னு இந்தப் பெட்டியப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அவகிட்டயே கேக்கலாம்னா, நான் பேசுன பேச்சுக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்க? அதான், இதுக்குள்ள எந்தப் புள்ள வந்து நின்னாலும், எங்க தங்கப்பொண்ணுன்னு நெனச்சு அழுது தீத்துக்கிறேன்."