மகனுக்கு ஒரு துண்டு

டெரன்ஸ் கேக் துண்டுக்குக் கைநீட்டியதும், மனைவி மேர்சி தட்டையே இழுத்துக்கொண்டாள். நத்தார்ப் பண்டிகைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து சுவிஸின் பீல் நகருக்கு வந்து, தன் கையாலேயே கேக் சுட்டிருந்த திரேசம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ர பிள்ளைக்கு நான் நஞ்சே கலந்து வைச்சிருக்கிறன்?"

மேர்சி தட்டைத் தன் பக்கம் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"போன வருசம் ரெண்டு மூண்டு மாசமா நான் போன் எடுக்கேக்க எல்லாம் 'அவர் வேலையில' எண்டு மறிச்சாய். இப்ப சாப்பாட்டையும் மறிக்கிறாய். அவனுக்கென்ன சீனி வருத்தமோ?"

"இல்லை மாமி."

"அப்ப என்னடி?"

"அவளை ஏசாதேங்கோ அம்மா," என்றான் டெரன்ஸ். "பழங்களை எதில ஊறப்போட்டனீங்கள்?"

"எங்கட வீட்டு முறைப்படி பிராந்தியிலதான். அதுக்கென்ன?"

அவன் தலை குனிந்தான்.

"அப்ப நான் வேலையில இல்லை அம்மா. குடியை விடுறதுக்கு ஆஸ்பத்திரியில கிடந்தனான். உங்களிட்டைச் சொல்ல வேண்டாமெண்டு இவளைக் கெஞ்சினது நான்தான்."

திரேசம்மா மருமகளைப் பார்த்தாள். அத்தனை ஏச்சும் வாங்கியவள் தட்டை இன்னும் இறுகப் பிடித்திருந்தாள். அதை மெல்ல வாங்கி, கேக் முழுவதையும் குப்பை வாளியில் கொட்டினாள் திரேசம்மா.

"மேர்சி, வீட்டில தோடம்பழம் இருக்கோ பிள்ளை? பிழிஞ்சு தா, பழங்களை அதில ஊறப்போட்டு வேற கேக் சுடுவம். இனி எங்கட வீட்டு முறை அதுதான்."