ஏழு எண்ணும் வரை

நாற்காலிகளை வைத்துப் பூட்டிய அறையின் சாவியைக் காணவில்லை.

கூட்டம் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. மூன்று நாள் கச்சேரியில் இது முதல் நாள். வேறு வழியில்லாமல், கிளாஸ்கோவிலிருந்து வந்த பன்னிரண்டு பிடில் பிள்ளைகளும் தங்களோடு சேர்ந்து வாசிக்கும் ஜாவாவின் யோக்யகர்த்தா பிள்ளைகளைப் போலவே படியில் ஷூவைக் கழற்றிவிட்டுப் பாயில் சம்மணம் போட்டார்கள். முட்டி மடங்காத பையன்கள் பட்ட பாடு இருக்கிறதே!

பின்னால், ஆளுயரச் சட்டத்தில் தொங்கிய பெரிய வெண்கலத் தட்டான கோங்குக்குப் பக்கத்தில் கினாசி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பதினேழு வயது. நாளைக்கும் இந்தக் கோங்கு தன் கையில் இருக்குமா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும்.

நாலு நாள் ஒத்திகையிலும் ஒரே தகராறு. பாட்டு முடியும்போது மத்தளம் தளரும், எல்லோரும் வந்து நிற்பார்கள், அந்த அமைதியைக் கொஞ்சம் பழுக்கவிட்டுத்தான் ஜாவாக்காரர்கள் கோங்கை அடிப்பார்கள். கடைசி ஸ்வரம் அதற்கும் பின்னால்தான்.

கிளாஸ்கோ பிள்ளைகள் அப்படியா? ஷூக்காலால் தரையில் தட்டித் தட்டி எண்ணி, டக்கென்று முடித்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள்.

"தூங்கிட்டியா, கினாசி?" என்பாள் ஐலி, பிடில் கூட்டத்தின் தலைவி. மற்றவர்கள் சிரிப்பார்கள்.

நேற்று பயிற்சியாளர் டங்கன் நயமாகவே சொல்லிவிட்டார். "நாளைக்கும் பிந்தினா, மீதி ரெண்டு நாளும் தாமர் அடிக்கட்டும்மா."

தாமர் அவள் குழுவில் சின்னப் பையன், கடிகாரம் மாதிரி எண்ணுகிறவன். தன் காதைப் பற்றிக் கினாசிக்கு ஒரு சந்தேகமும் கிடையாது.

இதோ, கடைசிப் பாட்டு.

ஸ்காட்லாந்து நடன மெட்டு துள்ளிக்கொண்டு வந்தது. மத்தளம் தளர்ந்தது. ஐலியின் வலது கால் தரையைத் தேடியது. அது தொடைக்கடியில் மடங்கி மரத்துக் கிடந்தது. பாவம், எதை வைத்துத் தட்டுவாள்?

அவள் தலை நிமிர்ந்தது. பிறகு பன்னிரண்டு தலைகளும் நிமிர்ந்தன. எண்ண வழியில்லாமல், முதல்முறையாக அவர்கள் மத்தளத்தைக் கேட்டார்கள்.

முடிக்க வேண்டிய இடம் வந்தது. ஒருவரும் முடிக்கவில்லை. வில்கள் தந்திமேல் அப்படியே நின்றன.

கினாசி கட்டையை ஓங்கினாள். காத்திருந்தாள். பயமே இல்லை, சந்தோஷம் தொண்டைவரை வந்துவிட்டது. இன்னும் ஒரு மூச்சு.

அடித்தாள்.

பாய்க்கடியில் தரை அதிர்ந்தது. அதன்மேல் பன்னிரண்டு பிடில்களும் கடைசி ஸ்வரத்தை மெல்ல வைத்தன.

கைதட்டல் ஓய்வதற்குள் ஐலி நொண்டிக்கொண்டே ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "நாலு நாளா உயிரை வாங்கினியே! இன்னைக்குத்தான்டி கரெக்டா அடிச்ச!"

டங்கன் ஓரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

தாமர் மட்டும் மடக்கிய விரல்களைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தான். "அக்கா, ஒத்திகையில நாலு எண்ணுறதுக்குள்ள அடிச்சிடுவ. இன்னைக்கு ஏழு!"

"கத்தாதடா."

கினாசி இடுப்பில் இறுகச் சுற்றியிருந்த துணிப்பட்டையைக் கொஞ்சம் தளர்த்தினாள். காலையிலிருந்து வயிற்றில் குத்திக்கொண்டிருந்த சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"மூணாம் நாள் கச்சேரி முடிஞ்சதும் கண்டுபிடி, போதும்."