மூன்றாவது கிட்டார்

கல்யாண வரவேற்பு மேடையில் டிரம்ஸ் கிடையாது, மூன்று கிட்டார்கள் மட்டும்தான். முன்னால் நின்று மெட்டை இழுக்கும் லீட் வாசிப்பவர்கள் ஜோயலும் வசீகரனும். பின்னால் நின்று தாளம் பிடிக்கும் ரிதம் வாசிப்பவள் பெனிட்டா. நான்காவது பாட்டில் இளைஞர்கள் இருவருக்கும் போட்டி வந்துவிட்டது. ஒருவனை ஒருவன் முந்த, பாட்டு தறிகெட்டு ஓடியது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் கால் தடுமாறி நின்றார்கள்.

"அக்கா, சீக்கிரம் வாங்க!" என்று ஜோயல் திரும்பிக் கத்தினான்.

"வரமாட்டேன்டா. நீங்க வாங்க!"

பெனிட்டாவின் கை பழைய வேகத்திலிருந்து பிசகவில்லை. முதலில் மாப்பிள்ளையின் தாய்மாமன் அவளுடைய தாளத்துக்குக் கைதட்டினார். பிறகு அந்த வரிசையே தட்டியது. வசீகரன் மூச்சு வாங்க அவளிடம் வந்து சேர்ந்தான். அடுத்த சுற்றில் ஜோயலும். மூன்று கிட்டார்களின் தாளமும் ஒன்றாய் விழுந்தபோது மேடைப் பலகை அதிர்ந்தது. மணப்பெண் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடக் கூட்டத்துக்குள் இறங்கி ஓடினாள்.

"அப்படியே போங்கக்கா, விட்ராதீங்க!" என்றான் வசீகரன்.

பெனிட்டா இருவரையும் பார்த்துச் சிரித்தாள். அதுவரை இழுத்துப் பிடித்திருந்த வேகத்தை மெல்ல, மிக மெல்ல, அவளே கூட்டத் தொடங்கினாள்.