கடல் திருப்பித் தந்த பெட்டி

விமானம் விழுந்த கடலிலிருந்து மீட்ட பெட்டி, நெய்வேலியில் துரைராஜின் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தது.

"ஒட்டியிருந்த சீட்டு தண்ணியில போயிடுச்சுங்க. மூடியில ஜெயப்பிரகாஷ்னு பெயிண்ட்ல எழுதி, உங்க விலாசமும் இருக்கு. உங்க மகன்தானே?" என்றார் கொண்டுவந்தவர், தலையைத் தாழ்த்திக்கொண்டு.

"எம்புள்ளதாங்க." துரைராஜ் பெட்டியை உள்ளே இழுத்து வைத்தார்.

கொண்டுவந்தவர் போனதும் பெட்டியைத் திறந்தார்கள். உப்பு வாடை குப்பென்று அடித்தது. தைலப் புட்டிகள், ஊறிப்போன பேரீச்சம்பழம், கட்டம்போட்ட ஒரு சட்டை. மனைவி விஜயலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

செல்போன் விடாமல் அடித்தது. துரைராஜ் எடுத்தார்.

"அப்பா, பெட்டி வந்துடுச்சாமே?" துபாயிலிருந்து ஜெயப்பிரகாஷ்தான். குரல் உடைந்திருந்தது. "ஊருக்குப் போறானேன்னு இளம்பரிதிகிட்ட நான்தாம்பா குடுத்தனுப்பினேன். அவனோடது எதுனா கெடச்சுதா?"

துரைராஜ் பதில் சொல்வதற்குள் வாசலில் நிழல் தட்டியது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பொற்கொடி, இளம்பரிதியின் அம்மா.

"அண்ணே, எங்களுக்கு ஒண்ணுமே வரலண்ணே. எம்புள்ள துணி எதுனா இதுல கலந்து கெடக்குதா பாருங்களேன்."

துரைராஜ் குனிந்தார். தனக்காக மகன் வாங்கி அனுப்பிய சட்டையை எடுத்து, காலரில் தொங்கிய விலை அட்டையைச் சத்தமில்லாமல் பிய்த்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"இந்தாம்மா. இது இளம்பரிதியோடது."

பொற்கொடி சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டாள்.

"ஆமாண்ணே, எம்புள்ள வேர்வை வாடை அப்படியே இருக்குது."