குரல் உடைந்த இடம்

குரல் உடைந்திருந்தால் என் தொண்டைக்குத் தெரியாமலா போயிருக்கும் என்று உமையாள் மனதுக்குள் கேட்டுக்கொண்டாள். கையில் இருந்தது, கல்யாணத்துக்கு முன் அவள் பாடிய ஒரே கச்சேரியின் சிடி. உச்சத்தில் நீளும் ஒரு ஸ்வரம் நடுவில் கரகரத்து அறுந்துபோகும். விருந்தாளிகள் வந்தால் அவள் கணவர் கதிரேசன் அதைப் போட்டு, "இருங்க இருங்க, நம்ம பாடகி சறுக்குற இடம் வருது" என்பார். அந்த இடத்துக்குப் பயந்துதான் அவள் பாடுவதையே விட்டாள்.

இன்று அதைக் கணினியில் பிரதி எடுக்க உட்கார்ந்தாள். முதல் மென்பொருள் விறுவிறுவென்று எடுத்தது. அந்த இடத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். இரண்டாவதில் ஸ்வரம் மழுங்கிக் கிடந்தது. உடைந்தது குரல் என்றால் எல்லாவற்றிலும் ஒரேமாதிரி அல்லவா உடைய வேண்டும்? மூன்றாவது, சிடியில் அந்த இடத்தில் இருந்த ஒரு கீறல் மேல் வந்ததும் நின்றுவிட்டது. அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் படித்து, ஒவ்வொரு முறையும் ஒரே ஒலி கிடைத்த பிறகுதான் நகர்ந்தது. இப்போது ஸ்வரம் முழுசாக ஏறியது, அங்கேயே நின்றது, தன் இஷ்டத்துக்கு இறங்கியது.

அவள் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். கதிரேசன் பேப்பரும் கையுமாக எழுந்து வந்தார்.

"கம்ப்யூட்டர் ஒட்டவச்சுக் குடுத்திருக்கு. நிஜம்னா இப்பப் பாடு, பாப்போம்."

அவள் தொண்டையில் சுருதி தயாராக வந்து நின்றிருந்தது.

"நிரூபிக்கிறதுக்காகப் பாட மாட்டேங்க" என்றாள் சிரித்தபடி, மறுபடி அதையே ஓடவிட்டு.