தாய்மாமன் ஏறிய விமானம்

"வானத்துல வளைவு நெளிவு கெடையாதுய்யா. மெட்ராசுலருந்து மதுரைக்கு நேர்கோட்டுல நானூத்தி இருபது கிலோமீட்டர். ஒரு மணி இருபது நிமிசம்."

அழகுபாண்டி தன் அப்பா தவசியிடம் இதைச் சொல்வது ஆறாவது முறை. உசிலம்பட்டி மண்டபத்தின் பின்கட்டில் கிடாக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் முந்நூறு பேர் சாலையைப் பார்த்தபடி நின்றார்கள்.

அழகுபாண்டியின் மகள் கனகலட்சுமிக்கு அன்று காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். இருக்கும் ஒரே மாமனுக்காகக் காத்திருந்ததில் பிள்ளைக்கு மூன்று வயதாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வேறு. பத்தரைக்கு ராகு காலம்.

"ஏழு அம்பதுக்குக் கெளம்புனா ஒம்பது பத்துக்கு எறங்கணும். மணி இப்ப ஒம்பதே கால். போனைக் காணோமே, விக்கிரவாண்டியில டீக்கு நிறுத்திட்டானோ?" என்றார் தவசி, சிரிக்காமல்.

பஸ்ஸில் வந்திருந்தால் விடியும்போதே வந்து சேர்ந்திருக்கலாம். மாமனுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. தாம்பரம் தாண்டுவதற்குள் வாந்தி. அதனால்தான் சம்பந்தி முத்துப்பாண்டி குடும்பத்தோடு விமானம் ஏறியிருந்தார்.

ஒன்பது இருபதுக்கு அழகுபாண்டியின் மனைவி ரோகிணிக்குப் போன் வந்தது. இறங்கிவிட்டார்களாம். மேலே ஏறியதும் காது அடைத்து, மாமன் போட்ட சத்தத்தில் விமானமே திரும்பிப் பார்த்ததாம். பணிப்பெண்கள் இருவர் வந்து கெஞ்சியும் அடங்கவில்லையாம்.

"தாய்மாமன்னா சத்தம் இருக்கணும்ல," என்றார் தவசி பெருமையாக. பிறகு விரல்விட்டுக் கணக்குப் போட்டார். நானூற்று இருபது கிலோமீட்டருக்கு எண்பது நிமிடம் என்றால், விமான நிலையத்திலிருந்து உசிலம்பட்டி வரும் நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு ஒன்பதே நிமிடம். சரியாக ஒன்பதாவது நிமிடம் கொட்டு அடிக்கச் சொல்லிவிட்டார்.

கார் வரவில்லை. கொட்டு மட்டும் நிற்கவில்லை. அந்த அடியில் பக்கத்துத் தெரு மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஆடப் போயின.

பத்து மணிக்குத் தவசியின் தம்பி பேயாண்டி பொறுமை இழந்தார். "வராத மாமனுக்கு எம்புட்டு நேரந்தான் நிக்கிறது? பெரியப்பன் மொறையில எவன் மடியிலயாவது வச்சு முடிச்சு விடுங்கப்பா."

ரோகிணி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"என் தம்பி மடியில குத்தலைன்னா இவளுக்குக் காதே குத்த வேணாம் சின்ன மாமா. சீர் கொண்டுவர ஆளில்லாத வீட்டுல பொண்ணெடுத்துட்டோம்னு வந்த நாள்லருந்து கேட்டுட்டேன். இன்னைக்கும் கேக்க முடியாது."

காது குத்த வந்த ஆசாரி ஊசியைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். பத்து பதினைந்து. பத்து பதினெட்டு.

பத்து இருபதுக்குப் புழுதி கிளப்பிக்கொண்டு கார் வந்து நின்றது. பெண்கள் குலவையிட்டார்கள். சீர்த்தட்டுகள் இறங்கின. தவசி ஓடிப்போய்க் கதவைத் திறந்து, "வாங்க மாப்ள," என்று இரண்டு கைகளையும் கூப்பினார்.

மாப்பிள்ளை அவரைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். வயது ஆறு மாதம். இன்னும் உட்காரத் தெரியாதவர் என்பதால், மருமகள் கனகலட்சுமியை மனையில் உட்காரவைத்து, அவள் மடியில் தாய்மாமனைப் படுக்கப்போட்டுக் காது குத்தி முடித்தார்கள்.