குருவிகள் தொடாத தானியம்

எலக்ட்ரீஷியன் இறந்த பிறகும் கொல்லையில் குருவிகளுக்குத் தானியம் இறைப்பதை அவர் மனைவி விடவில்லை. குருவிகள் எல்லாவற்றையும் கொத்தித் தின்றுவிட்டு, இரண்டு பாத வடிவில் மட்டும் தானியத்தைத் தொடாமல் விட்டன. இடப்பாதத்தில் சுண்டுவிரல் இல்லை, அவருக்கும் கிடையாது. முதல் நாள் அந்தப் பாதங்கள் மதிலோரம் இருந்தன. நேற்று துவைக்கிற கல்லருகே. இன்று படிக்குக் கீழே, வீட்டைப் பார்த்தபடி.

அவள் கதவை விரியத் திறந்து, சமையலறைவரை தானியத்தை வாரி இறைத்தாள்.

“அம்மா, குருவியெல்லாம் உள்ள வந்துடும்!” என்று மகள் கையைப் பிடித்தாள்.

“வரட்டும்டி. அதுங்க தின்னாத்தானே உங்கப்பா எங்க நிக்கறாருன்னு தெரியும்?”

குருவிகள் உள்ளே வந்து, தின்றுவிட்டுப் பறந்தன. அடுப்பருகே அதே பாதங்கள் மிஞ்சின. விரல்கள் இப்போது, வெளியே கிளம்புகிறவர்போல, கொல்லைப் பக்கம் திரும்பியிருந்தன.

அவள் மறுபடி இறைக்கத் தானிய டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒரு மணிகூட விழவில்லை.